பிறமொழியும் பாட்டி கதையும்

பிறமொழியொன்றைக் கற்பதற்கு எழுத்தும் சொல்லும் இலக்கணமும் வேண்டுமென்பதை எவரும் மறுக்கார். ஆயினும், இம்மூன்றையும் ஓரளவு கற்றிருந்தும், அம்மொழியிற் பேசுக என்றவுடன் நா எழாது நிற்கும் மாணவரை ஆசிரியர் யாவரும் நாள்தோறும் காண்கின்றனர். தேர்வுத் தாளில் நூற்றுக்கு எழுபது பெற்றவன், பேருந்து நிலையத்தில் ஒருவர் வழி கேட்டால் வாய்மூடி நிற்கின்றான். இக்குறை தீர்வதற்குக் கதையும் நடிப்பும் எவ்வாறு துணைபுரிகின்றன என்பதை அண்மைக் காலத்தில் யாம் நேரிற் கண்டோம். விழா மலருக்குக் கட்டுரையொன்று தருக எனச் சங்கத்தார் கேட்டபோது, தமிழாசிரியராகிய யாம் தமிழிலக்கியம் பற்றியே எழுதுவோம் என்று எதிர்பார்த்திருப்பர். ஜேர்மன் மொழிப் பயிற்சி பற்றி எழுத முற்பட்டமை சிலருக்கு வியப்பளித்தல் கூடும். இறுதிவரை படிப்போர் இதுவும் தமிழைப் பற்றிய கட்டுரையே என்பதை உணர்வர்.

யாம் பணிபுரிவது சபரகமுவ மாகாணத்தில், கேகாலை மாவட்டத்து எட்டியாந்தோட்டைப் பகுதியிலுள்ள தோட்டப் பாடசாலையொன்றில். தோட்டம் என்றவுடன் நம் பழைய மாணவர் பலர் நுவரெலியாவின் குளிரையும் கொழுந்து பறிக்கும் கூடைகளையுமே நினைப்பர். சபரகமுவவின் நிலை சற்று வேறானது. இரத்தினபுரி மாவட்டத்துப் பலாங்கொடை, இறக்குவானைப் பக்கங்களில் தேயிலை உண்டு. கேகாலையின் தாழ்ந்த குன்றுகளிலோ இறப்பரே மிகுதி. அதிகாலையிற் பால் வெட்டச் சென்று சிரட்டை சிரட்டையாய்ப் பால் சேர்க்கும் மக்களின் பிள்ளைகளே எம் மாணவர். இத்தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிக் கிடத்தலின், கடைத்தெருச் சிங்களம் பிள்ளைகளுக்கு இளமையிலேயே வாய்த்துவிடுகின்றது. அருகில் தமிழ்ப் பாடசாலை இன்மையாலும், இருப்பினும் உயர்வகுப்பு இன்மையாலும், சிங்கள மொழிமூலம் பயில்வோரும் உளர். ஆகவே, இங்கே தமிழாசிரியன் என்பவன் ஒரு பாடத்தை மட்டும் கற்பிப்பவன் அல்லன். வீட்டுமொழி வீட்டுக்குள்ளேயே தேய்ந்து போகாமற் காக்குங் கடனும் அவனைச் சார்ந்தது.

எம்மிடம் தமிழ் பயின்ற மாணவியொருத்தி, பால் வெட்டுந் தொழிலாளி ஒருவரின் மகள், உயர்தரத்திற் சித்தியெய்திப் பல்கலைக்கழகம் புகுந்து, ஆங்கு ஜேர்மன் மொழியையும் ஒரு பாடமாகத் தெரிந்துகொண்டாள். நம் நாட்டிற் ஜேர்மன் மொழி க.பொ.த. உயர்தரப் பாடங்களுள் ஒன்று. களனிப் பல்கலைக்கழகத்திலும் அது கற்பிக்கப்படுகின்றது. கொழும்பிலுள்ள கோதே நிறுவகத்தில் அதனைப் பயின்று, தாதிமைப் பயிற்சிக்கும் உயர்கல்விக்குமாக அந்நாடு செல்வோரும் பலர். எனினும் எங்கள் லயங்களுக்கு அது புதுமொழி. “அந்தப் பாசையப் படிச்சி இந்தப் புள்ள யாரோட பேசப் போகுது?” என்று அயலார் வினவினர். அவ்வினாவுக்கு விடை அடுத்த ஆண்டு மாசி மாதத்தில் தோட்டத்துக்கே வந்து சேர்ந்தது.

அவளுடைய வகுப்பு மாணவர் ஐவர் ஐவராகப் பிரிந்து, ஜேர்மன் நாட்டுப் பழங்கதையொன்றைத் தெரிந்து, அதனைத் தமக்குத் தெரிந்த ஓரிடத்துக்கு ஏற்றவாறு மாற்றி, உரையாடலை ஜேர்மன் மொழியில் எழுதி, தாமே நடித்துப் பத்து நிமிடத்துக்குள் அடங்கும் ஒளிப்படமாக எடுத்து வரவேண்டும் என்பது அவர்களுக்கு இடப்பட்ட வேலை. கருவி, கைத்தொலைபேசி ஒன்றே. அவளுடைய குழுவில் இருவர் தமிழர், மூவர் சிங்களவர். படமெடுத்தற்குரிய இடமாக அவள் தன் தோட்டத்தையே முன்மொழிந்தாள். விடுமுறையில் ஐவரும் வந்திறங்கினர்.

கதையைப் பற்றிக் கூறுமுன், அதனைத் திரட்டியோரைப் பற்றிச் சில கூறுதல் தகும். யாக்கோபு கிறிம், வில்லெம் கிறிம் என்னும் உடன்பிறந்தார் இருவரும் நாட்டார் கதைகளைத் தொகுத்து முதற் றொகுதியை 1812-இலும், இரண்டாந் தொகுதியை 1815-இலும் வெளியிட்டனர். ஏழாம் பதிப்பு 1857-இல் வந்தபோது கதைகள் இருநூறுக்கு மேற்பட்டிருந்தன. அவர்களுக்குக் கதை சொன்னோருள் தொரொத்தேயா பீமன் என்பார் ஒருவர். விடுதிக்காரர் ஒருவரின் மகளாய்ப் பிறந்து, தையற்காரரை மணந்து, காசல் நகருக்குத் தோட்டப் பண்டங்கள் கொண்டுவந்து விற்றவர். சொன்ன கதையைச் சொல் மாறாமல் மீண்டுஞ் சொல்லவல்ல நினைவாற்றல் அவருக்கிருந்ததெனச் சகோதரர் வியந்திருக்கின்றனர். அம்மொழிக்குப் பேரகராதி இயற்றத் தொடங்கியவரும் இவ்விருவரே. 1838-இற் றொடங்கிய அவ்வேலை அவர்களது வாழ்நாளில் முடியவில்லை. ‘கனி’ எனப் பொருள்படுஞ் சொல்லை எழுதிக்கொண்டிருக்கையில், 1863-இல், யாக்கோபு மறைந்தார். பின்வந்தோர் 1961-இல் அதனை நிறைவேற்றினர். அகராதி செய்த கைகளே பாட்டி கதையையும் திரட்டின என்பது மொழியாசிரியர் அனைவரும் மனத்திற் கொள்ளற்பாலது.

எம் மாணவியின் குழுவினர் தெரிந்துகொண்டது ‘பிரேமன் நகரத்து இசைக்காரர்’ என்னுங் கதை. வாழ்நாளெல்லாம் மூட்டை சுமந்து மூப்பெய்திய கழுதையொன்று, இனிப் பயனில்லை என எசமானால் ஒழிக்கப்படவிருந்த வேளையிற் புறப்பட்டுப் பிரேமன் நகருக்குப் போய்ப் பாடிப் பிழைக்கலாம் என எண்ணுகின்றது. ஓட இயலாத வேட்டைநாய், பல் மழுங்கிய பூனை, மறுநாட் குழம்புக்குக் குறிக்கப்பட்ட சேவல் ஆகியவையும் வழியில் உடன்சேர்கின்றன. இரவிற் காட்டு வீடொன்றைக் கண்டு, ஒன்றன்மேல் ஒன்றேறி நின்று நான்கும் ஒருங்கே குரலெழுப்ப, உள்ளிருந்த திருடர் பேயென்றஞ்சி ஓடிவிடுகின்றனர். நான்கும் அவ்வீட்டிலேயே தங்கிவிடுகின்றன. பிரேமன் நகரை அவை சென்றடைவதேயில்லை. எனினும் அந்நகரத்தார், தம்மூர் சேராத அந்நான்குக்கும் 1953-இல் வெண்கலச் சிலையெடுத்து மகிழ்ந்தனர்.

இக்கதையைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தபோது மாணவர் செய்த மாற்றங்கள் சுவையானவை. கழுதை எங்கள் பக்கத்தில் இல்லை. ஆதலின் அது வண்டிமாடாயிற்று. வேட்டைநாய் காவற்காரரின் நாயாயிற்று. பூனை அரிசிக் களஞ்சியத்துப் பூனையாயிற்று. பிரேமன் நகரம் கொழும்பாயிற்று. திருடர் இருந்த காட்டு வீட்டுக்குக் கைவிடப்பட்ட பழைய பாற்கொட்டிலொன்று பொருந்தியது. அக்காலம் இறப்பர் மரங்கள் இலையுதிர்க்குங் காலம். வெறுங் கிளைகளும் நிலத்திற் பரந்த செஞ்சருகுமாய் நின்ற அத்தோட்டம், படத்தில் ஐரோப்பியப் பனிக்காட்டைப் போலவே தோன்றிற்று.

இனி, மொழிப்பயிற்சி இதில் எங்கே நிகழ்ந்தது எனக் கேட்கலாம். யாம் மூன்று நாளும் உடனிருந்து கண்டவற்றைக் கூறுவோம்.

முதலாவது, திரும்பச் சொல்லுதல். ஒரு வாக்கியத்தைப் பத்து முறை சொல்லுக என வகுப்பில் ஆணையிட்டால் மாணவர் சலிப்பர். படத்திலோ, காற்றிரைச்சல் புகுந்தது, ஒருவர் சிரித்துவிட்டார், நாய் உண்மையாகவே குரைத்துவிட்டது எனப் பல காரணங்களால் அதே வாக்கியம் பன்னிரண்டு முறை சொல்லப்படுகின்றது. ஒவ்வொரு முறையும் முகக்குறியும் கைச்செய்கையும் அதனோடு இணைகின்றன. பதிந்த குரலை உடனே கேட்டுத் தம் உச்சரிப்பைத் தாமே திருத்திக்கொள்கின்றனர். உகரத்துக்கும் இகரத்துக்கும் இடைப்பட்டதாய், இதழ் குவித்து இகரம் சொன்னாற் பிறக்கும் உயிரொலியொன்று அம்மொழியில் உண்டு. தமிழுக்கும் சிங்களத்துக்கும் புதிது. ஆசிரியர் பலமுறை திருத்தியும் வராத அவ்வொலி, சேவலாய் நடித்த மாணவனுக்குப் பாற்கொட்டிற் கூரையின்மேல் நின்றபோது வந்துவிட்டது.

இரண்டாவது, இலக்கணம் கண்ணுக்குப் புலப்படுதல். தமிழிற் பால் பொருளைப் பற்றியது. மக்களுக்கு ஆண்பாலும் பெண்பாலும், ஏனையவற்றுக்கு அஃறிணையும் என நாம் அறிவோம். ஜேர்மன் மொழியிலோ சொல்லுக்குச் சொல் பால் உண்டு. மாடும் நாயும் ஆண்பாற் சொற்கள். பூனை பெண்பாற் சொல். வீடு இரண்டும் அல்லாதது. சிறுமி என்னுஞ் சொல்லும் அவ்விரண்டும் அல்லாத வகையிலேயே சேருமெனக் கேட்டு எம் வகுப்புப் பெண்பிள்ளைகள் சீறினர். படத்தில் ஆண்பாற் சொல்லுக்குரிய விலங்குகள் நீலத்துண்டும், பூனை சிவப்புத் துண்டும் கட்டியிருந்தன. கொட்டிலின் கதவிற் பச்சைத் துணி தொங்கிற்று. மேலும், அம்மொழியில் தலைமை வாக்கியத்தின் வினை இரண்டாமிடத்தில் நிற்கும். சார்பு வாக்கியத்திலோ இறுதிக்குப் போய்விடும். ஆங்கிலம் வழியே கற்போர் இங்கே இடர்ப்படுவர். வினையை இறுதியில் வைத்தே பேசிப் பழகிய தமிழருக்கும் சிங்களவருக்கும் அவ்வமைப்பு ஏற்கெனவே வீட்டில் இருக்கின்றது. இதனைச் சுட்டிக்காட்டியபோது அவ்விளைஞரின் முகத்தில் தோன்றிய தெளிவை யாம் மறவோம்.

மூன்றாவதே யாம் முதன்மையாகக் கருதுவது. பழங்கதை எதனிலும் இரு நடைகள் உண்டு: கதைசொல்லியின் நடை ஒன்று, பாத்திரங்களின் பேச்சு மற்றொன்று. ஜேர்மன் மொழியிற் கதை கூறும்போது இறந்தகாலத்துக்கு ஒரு வடிவமும், அன்றாடப் பேச்சில் நடந்ததைக் கூறப் பெரும்பாலும் வேறொரு வடிவமும் வழங்கும். சிங்களத்தில் எழுத்துநடை வினை எழுவாய்க்கேற்ப விகுதி பெறும். பேச்சுநடை வினை அவ்வாறு பெறுவதில்லை. தமிழின் செந்நடைக்கும் பேச்சுக்குமுள்ள தொலைவை நாம் சொல்ல வேண்டியதில்லை. இவ்வேறுபாட்டை இலக்கண நூலால் விளக்கினால் மாணவர் குழம்புவர். பின்னணியிற் கதைசொல்லியும் முன்னே பாத்திரங்களுமாக ஒரு படம் எடுக்கச் சொன்னால், எந்த நடை எங்கே உரியது என்பதை அவர்களே பிரித்தறிந்துகொள்கின்றனர். இரு நடையும் தேவைப்படும் பயிற்சி பாட்டி கதையைப்போல் வேறொன்றில்லை.

படம் முடிந்தபின், தமிழிலும் சிங்களத்திலும் அடிவரிகள் எழுதும் வேலை எஞ்சியது. அதற்குத்தான் அவள் எம்மை நாடினாள். “சேர், இந்த இடத்துக்குத் தமிழிலெ சரியான சொல் வரமாட்டேங்குது” என்று இரவு ஒன்பது மணிக்கும் வந்து நிற்பாள். எசமான் மாட்டை ‘நீக்கினான்’ என்பதா, ‘கழித்தான்’ என்பதா, ‘துரத்தினான்’ என்பதா என அரைமணி நேரம் ஆராய்ந்தோம். பிறமொழிச் சொல்லொன்றின் எடையை அறிதற்குத் தன்மொழியின் தராசு செம்மையாய் இருத்தல் வேண்டும். அத்தராசைச் செம்மைப்படுத்துவதே தமிழாசிரியர் பணி என்பதை அவ்வரைமணி எமக்கு நன்கு உணர்த்திற்று.

படம் தோட்டத்துக் கோயில் முன்றிலில், வெள்ளைத் துணியொன்றிற் காட்டப்பட்டது. வயது முதிர்ந்தோர் பலர் அடிவரிகளைப் படிக்க இயலாதோர். ஆயினும் கதை அவர்களுக்கு விளங்கிற்று. முன்வரிசையில் இருந்த மூதாட்டியொருவர், இளமை முதல் பால் வெட்டி ஓய்வுபெற்றவர், எம் பக்கந் திரும்பி, “நாப்பது வருசம் வண்டி இழுத்த மாட்ட ஏன் ஐயா தொரத்துறாங்க?” என்றார். மாடு எத்தனை ஆண்டு உழைத்ததெனப் படத்தில் எவ்விடத்தும் சொல்லப்படவில்லை. நாற்பது அவருடைய கணக்கு. மாணவி குனிந்துகொண்டாள். அவளை அறிந்த பிள்ளைகள் யாவருக்கும் அவர் ‘அப்பாயி’.

பின்னர் அப்பாயி தாமாகவே ஒரு கதை சொல்லத் தொடங்கினார். மரப்பிளவில் தன் தானியத்தை விழவிட்ட குருவி தச்சனிடஞ் சென்று மரத்தைப் பிளக்கச் சொல்கின்றது. அவன் மறுக்க அரசனிடமும், அவன் மறுக்க அரசியிடமும், பின் பாம்பு, கோல், நெருப்பு, நீர், யானை என ஒவ்வொன்றிடமுஞ் சென்று முறையிடுகின்றது. ஈற்றில் எறும்பு இசைகின்றது. எறும்புக்கஞ்சி யானை எழ, யாவும் பின்னோக்கி இயங்கித் தச்சன் மரத்தைப் பிளக்கின்றான். இந்தியாவின் பல மொழிகளிலும் வழங்குந் தொடர்கதை இது. அக்கூட்டத்திலிருந்த தோட்டச் சிறுவரில் ஒருவரேனும் அதனை முன்பு கேட்டிருக்கவில்லை. ஜேர்மன் கதைக்காக வந்த கைத்தொலைபேசி, அன்றிரவு தமிழ்க் கதையொன்றைப் பதிந்துகொண்டது.

அக்கதையே எமக்கு வழிகாட்டியாயிற்று. எமது பாடசாலையில் இரண்டாம் மொழியாகச் சிங்களம் கற்பிக்கும் ஆசிரியையோடு கலந்து, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கொண்டு குருவிக் கதையைச் சிங்களத்திற் படமாக்கினோம். ஒவ்வொரு படியிலும் அதே கேள்வியும் அதே மறுப்பும் ஒரு சொல் மட்டும் மாறி வருதலின், பயிற்சிக்கு அதனினும் ஏற்ற பாடம் கிடையாது. வகுப்பில் வாய் திறவாத சிறுவனொருவன் நடிக்க மறுத்து, கருவியைப் பிடிக்க மட்டும் உடன்பட்டான். மூன்றாம் நாள், எறும்பாய் நடிக்கவிருந்தவன் வராதொழிய, ஒன்பது பாத்திரங்களின் பேச்சையும் கருவியின் பின்னிருந்தே மனப்பாடஞ் செய்திருந்த இவன் எறும்பானான். இன்று அவன் சிங்களத்திற் சிறந்த பேச்சாளன் என்று சொல்லோம். கடையிலும் மருந்தகத்திலும் தாய்க்காகப் பேசுகின்றான் என்பதே எமக்குப் போதும். தமிழ் 1987-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் இந்நாட்டின் அரசகரும மொழியுமாயிற்று என்பது சட்டம். ஆயினும், சபரகமுவவின் சிற்றூர்க் கச்சேரியிற் படிவமொன்றை நிரப்பி வாங்க எம்மவர்க்குச் சிங்களம் இன்னும் வேண்டியிருக்கின்றது என்பது வாழ்வு.

இம்முறைக்கு மறுப்புகளும் உண்டு. கைத்தொலைபேசியை மாணவர் கையிற் கொடுத்தல் தகாது என்பர். நியாயமே, ஆனால் அது ஏற்கெனவே அவர்கள் கையில் இருக்கின்றது. பிறர் செய்ததைப் பார்ப்பதற்கு மட்டும் பயன்படுங் கருவியைத் தாம் செய்வதற்குப் பயன்படுத்தக் கற்பிப்பது ஆசிரியர்க்கு ஆகாததன்று. ஒரு குழுவுக்கு ஒரு கருவி, பாடசாலை நேரத்துக்குள் மட்டும் என வரையறை செய்துகொண்டோம். படமெடுத்தால் இலக்கணம் வேண்டாவா என்பர். வேண்டும், படமெடுக்குமுன்பே வேண்டும். வாக்கியம் எழுதித் திருத்தப்படாமல் ஒருவரும் கருவி முன் நிற்றல் கூடாது.

அந்நியர் கதை நமக்கேன் என்பாரும் உளர். ஐரோப்பியக் கதைகள் பலவற்றின் ஊற்று இந்தியாவே என்று, பஞ்சதந்திரத்தை 1859-இல் ஜேர்மன் மொழியிற் பெயர்த்த தியோடர் பென்பே வாதிட்டார். அவ்வாதத்தைப் பிற்கால அறிஞர் முழுதும் ஏற்றிலர். எனினும் கதைகள் எல்லை கடந்து உலாவின என்பதில் ஐயமில்லை. வீரமாமுனிவர் எழுதிய பரமார்த்த குருவுக்குச் சீடர் ஐவர். சிங்களக் கிராமங்களிற் சிரிப்பை விளைக்கும் மகாதெனமுத்தாவுக்கும் சீடர் ஐவர். இருவரையும் அருகருகே நிறுத்தி எம் பிள்ளைகளும் அயற் சிங்களப் பாடசாலைப் பிள்ளைகளும் மாறி மாறி நடித்தால் எவ்வளவு மொழியும் நட்பும் பெருகும் என்பதை எண்ணி மகிழ்கின்றோம். அடுத்த ஆண்டு அதுவே எம் முயற்சி.

ஜேர்மானியர்க்கும் தமிழர்க்குமுள்ள தொடர்பும் இன்று நேற்று வந்ததன்று. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு என்னும் பாதிரியார், திண்ணைப் பள்ளிச் சிறுவரோடு தாமும் அமர்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். திருக்குறளைக் கார்ல் கிரௌல் 1856-இல் ஜேர்மன் மொழியிற் பெயர்த்தார். மலையகப் பாடசாலைகளுக்கு ஆசிரியரைப் பயிற்றும் பொருட்டுப் பத்தனையில் எழுந்த ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி ஜேர்மனியின் உதவியோடு நிறுவப்பட்டது. சிறுவர் நடுவிலிருந்து மணலெழுதித் தமிழ் கற்ற அவரைப்போலவே, எம் மாணவியும் கோழியும் மாடுமாய் நடித்து அவர் மொழியைக் கற்கின்றாள். மொழி கற்றற்கு வயதும் பெருமையும் தடையாகலாகா என்பதை இருவருங் காட்டுகின்றனர்.

அப்பாயி சென்ற ஆண்டு காலமானார். அவரிடமிருந்து பதியப்பட்டவை மொத்தம் நான்கு கதைகள். அவருக்குத் தெரிந்தவை அவற்றினும் பலவாயிருத்தல் வேண்டும். தொரொத்தேயா பீமன் மறைந்து இருநூறாண்டு கடந்தும் அவர் கதைகள் உலகெங்கும் வாழ்வது, கேட்டெழுத இருவர் இருந்தமையால். எங்கள் லயங்களில் இன்னும் கதை அறிந்த முதியோர் உளர். கேட்பார்தாம் வேண்டும்.

ஆதலின் நம் கல்லூரியின் இன்றைய மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். விடுமுறையில் வீடு செல்லும்போது, பாட்டியிடமோ பாட்டனிடமோ ஒரு கதையேனும் கேட்டு, அவர் சொன்ன சொல்லிலேயே எழுதி அல்லது பதிந்து வருக. பின்னர் அதனைச் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ, வாய்ப்பிருப்பின் ஜேர்மன் மொழியிலோ நடித்துக் காட்டுக. கலைமகள் விழாவில் நாடகம் நடித்துப் பேசக் கற்ற நம் பழைய மாணவர் இதன் பயனை நன்கறிவர். பிறமொழி கற்கப் புறப்படுவோன் கைச்செலவுக்குத் தன்மொழிக் கதையொன்றையாவது முடிந்து கொண்டுபோதல் நன்று.